நீலாம்பாள் சொன்ன நாள்

எங்க ஊடு பேகோபுரத் தெருவுல. பேரைக் கேட்டதும் வெளியூர்க்காரங்க முழிப்பாங்க. பேயும் இல்ல, பிசாசும் இல்ல, கோயிலுக்கு மேக்கால இருக்கிற கோபுரம், அதுக்குப் பின்னால ஒரு தெரு, அவ்ளோதான். ஆனா மலை எங்களுக்கு ரொம்பக் கிட்ட. ஊர்ல மத்தவங்க வெயில்ல துணி காயப்போட்டுகினு இருக்கும்போதே எங்க தெருவுல இருட்ட ஆரம்பிச்சுடும். மலை நிழல் மொதல்ல கொல்லையில படும், அப்புறம் கூடத்துக்கு வரும், கடைசியா கோபுரத்து மேல ஏறும். அது கூடத்துக்குள்ள வர்ற நேரத்துக்குத்தான் எம்பொண்ணு நீலாம்பாள் வாயைத் திறந்து நாளைக்கு இன்னா நடக்கும்னு சொல்லுவா.

நான் ராணியம்மாள். தெருவுல எனக்கு வாய்க்காரினு பேரு. இருந்துட்டுப் போவட்டும். அந்த வாய் இல்லன்னா எம்புள்ளைய எப்பவோ எவனாவது வேப்பமரத்துல கட்டிப்போட்டு அடிச்சிருப்பான். எங்க ஊட்டுக்காரரு தசரதன், ரயிலடியில ஜட்கா ஓட்றாரு. குதிரைகிட்ட நாளெல்லாம் பேசுவாரு, மனுசங்ககிட்ட பேச்சு கம்மி. நீலா எங்களுக்கு ஒரே பொண்ணு. நான் சொல்றது நயா பைசா வந்த மறுவருசம் ஐப்பசியில நடந்தது. அப்ப அவளுக்கு ஏழு வயசு.

சின்னதுல அவ வாயில ஒரு வார்த்தை வரல. பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டா. செவுடோனு நெனைச்சா, மூணு ஊடு தள்ளி ஒரு சொம்பு உருண்டா போதும், காதை ரெண்டையும் பொத்திகினு அலறுவா. பால் பொங்கி அடுப்புல வழியற சத்தம் அவளுக்கு ஆவாது. ஜட்கா கெளம்பற கடகடா ஆவாது. எல்லாத்தையும் விட, சாயங்காலம் கோயில்ல சாயரட்சை பூசைக்கு மணி அடிக்குதே, அதைக் கேட்டா செவுத்துல தலையை மோதிக்குவா. நெத்தி எப்பவும் வீங்கியே இருக்கும்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனேன். டாக்டரு காதுக்குள்ள வெளக்கு அடிச்சுப் பாத்துட்டு, "காது நல்லா கேக்குதும்மா, நம்ம காதை விட நல்லாவே கேக்குது"ன்னாரு. அது தெரியாமலா வந்தேன்? தாயத்து கட்டினோம், மந்திரிச்ச தண்ணி தெளிச்சோம். எங்க ஊட்டுக்காரரோட அக்கா ஜோதியம்மா, அடி அண்ணாமலையில மலை சுத்தற பாதையில தேங்கா கற்பூரக் கடை வெச்சிருக்காங்க. அவுங்க வந்து மொளகா சுத்தி அடுப்புல போட்டாங்க. மொளகா வெடிச்ச வெடிப்புல நீலா மூர்ச்சையாயிட்டா. "பாத்தியாடி, பேய் ஓடுது"ன்னாங்க. ஓடினது பேய் இல்ல, எம்புள்ள உசுரு.

வழி தெரிஞ்சது தற்செயலா. ஒருநாள் தண்ணி தூக்கினு வந்து, இடுப்பு வலி தாங்காம வாய்விட்டுப் பொலம்பறேன்: "இதோ பாருடி, இப்ப குடத்தை எறக்கப்போறேன், டங்குனு சத்தம் வரும், உடனே ஒப்பாரி வெக்காத." டங்குனுச்சு. அவ அழல. குடத்தையே பாத்துகினு இருந்தா. திரும்பவும் குடத்தைத் தூக்கி, "இன்னொரு தரம் டங்குனும்"னேன். டங்குனுச்சு. அப்பவும் அழல. அடக் கடவுளே, சத்தம் இல்ல அவளுக்குப் பயம், சொல்லாம வர்ற சத்தம்தான் பயம். அதைக் கண்டுபுடிக்க ஒரு பெத்தவளுக்கு நாலு வருசம் ஆயிருக்குது பாருங்க.

அன்னியிலேர்ந்து எல்லாத்தையும் முன்கூட்டியே சொன்னேன். காலையில எழுப்பி ஒக்காரவெச்சு அவளுக்கு அன்னிய நாளைச் சொல்லுவேன். தெனமும் அதே வார்த்தை, அதே வரிசை. "விடிஞ்சுடுச்சு. அம்மா எழுப்புவா. அம்மா மூஞ்சி கழுவி வுடுவா. பால் பொங்கும், உஸ்சுனும், அடங்கிடும். அம்மா கஞ்சி ஊத்துவா. ஜட்கா போவும், கடகடங்கும், தெருமுனையில அடங்கிடும். சாயரட்சை மணி அடிக்கும், இருபது எண்றதுக்குள்ள நின்னுடும்." மணி அடிக்கும்போது கூடவே ஒக்காந்து எண்ணுவேன். அப்பவும் ரொம்பத் தவிச்சா, குதிரைக்கு வெச்சிருக்கிற கொள்ளை ஒரு சின்னச் சாக்குல கட்டி அவ மடிமேல வெப்பேன். அந்தக் கனம் அவளுக்குப் புடிக்கும், மூச்சு நெதானத்துக்கு வந்துடும். மந்திரவாதியாவது மண்ணாங்கட்டியாவது. ஒரு வருசத்துல நெத்தி வீக்கம் வத்திடுச்சு.

ஆறு வயசுல பேச்சு வந்தது. வந்த பேச்சு அவளுதில்ல, எனுது. நான் சொன்ன நாளை அப்படியே என் குரல்ல திருப்பிச் சொன்னா. அதே இழுப்பு, நடுவுல நான் இருமியிருந்தா அந்த இருமல்கூட. ஒருநாள் எங்க ஊட்டுக்காரரு வாசல்ல வந்து நிக்கிறாரு. கூடத்துல நான் பேசிகினு இருக்கிறது கேக்குது. "இதோ வந்துட்டேங்க"னு கொல்லையிலேர்ந்தும் நான் கொரல் குடுக்கறேன். மனுசனுக்கு அன்னிக்குச் சோறு எறங்கல. "அதுக்குள்ள எவளோ ஒக்காந்திருக்கா ராணி"ன்னாரு. "ஆமா, நான்தான் ஒக்காந்திருக்கேன், போய் கையைக் கழுவுங்க"ன்னேன். தைரியமா சொன்னேனே தவிர, நிழல் எறங்கற நேரத்துல என் குரல் செவுத்தோரத்துலேர்ந்து வந்தா எனக்கும் முதுகு சில்லுனும்.

போவப்போவ, காலையில நான் சொல்றதுக்கு முன்னாடியே, சாயங்காலமே மறுநாளைச் சொல்ல ஆரம்பிச்சா. சரி, மனப்பாடம் ஆயிடுச்சுனு இருந்தேன். அந்த ஐப்பசியில வார்த்தை மாறுச்சு. ஒருநாள் "பால் பொங்காது"ன்னா. மறுநாள் பாலை அடுப்புல வெச்சா திரிஞ்சு போச்சு, பொங்கவே இல்ல. நாலு நாள் கழிச்சு "ஜட்கா போவாது"ன்னா. விடிஞ்சு பாத்தா குதிரை முன்னங்காலைத் தூக்கிகினு நிக்குது, லாட ஆணி கொளம்புல ஏறியிருக்குது. அப்புறம் ஒரு சாயங்காலம், ஜோதியம்மா எங்க ஊட்ல ஒக்காந்து வெத்தலை போட்டுகினு இருந்தப்ப, "சாயரட்சை மணி அடிக்காது"ன்னா.

"போடி, அண்ணாமலையார் கோயில் மணி உனக்காக அடிக்காம இருக்குமா"ன்னு சிரிச்சேன். மறுநாள் மத்தியானம் மாட வீதியில கெழவர் உமாமகேஸ்வர குருக்கள் போய்ட்டாரு. கோயிலைச் சுத்தின வீதியில சாவு விழுந்தா, பொணம் எடுக்கற வரைக்கும் பூசை கெடையாது, மணி கெடையாது. மகன் மெட்ராஸ்லேர்ந்து வரணும்னு பொணத்தை வெச்சிருந்தாங்க. அன்னிச் சாயங்காலம் ஊரே சத்தம் செத்துக் கெடந்தது. நீலா கூடத்துல சம்மணம் போட்டு ஒக்காந்து, இல்லாத மணிக்கு இருபது வரைக்கும் எண்ணிட்டு, எழுந்து போய்ட்டா. நான் அடுப்பண்ட நின்னு அதைப் பாத்தேன். கையில இருந்த அரிசியைக் கீழ கொட்டினதுகூட எனக்குத் தெரியல.

ஜோதியம்மா அதுக்கப்புறம் சும்மா இருப்பாங்களா? "மலையே அந்தப் புள்ள வாயில பேசுதுடி"ன்னாங்க. அடி அண்ணாமலை பூரா தம்பட்டம். பௌர்ணமி வந்தது. மலை சுத்த வந்த சனத்துல நாப்பது அம்பது பேரை இட்டுகினு எங்க தெருவுக்கே வந்துட்டாங்க, தட்டு, தேங்கா, பூவோட. ஒருத்திக்கு ஓடிப்போன புருசன் எங்கனு தெரியணும், ஒருத்தனுக்குக் கேசு ஜெயிக்குமானு தெரியணும். வாசல்ல நெருக்கியடிச்சுகினு "தாயே, வாக்கு குடு"ன்னு கத்தறாங்க. எவனோ சங்கு ஊதறான். நீலா நெல்லு குதிருக்குப் பின்னால பூந்துகினு தன் கையையே கடிக்கிறா, ரத்தம் வழியுது.

எனக்கு வந்தது பாருங்க ஆத்திரம்! தொடப்பத்தை எடுத்துகினு பாஞ்சேன். "அறிவு கெட்ட ஜென்மங்களா! புரட்டாசி ஐப்பசி மழையில எவ ஊட்ல பால் திரியாது? லாடம் தேஞ்சா குதிரை நொண்டாம நாட்டியமா ஆடும்? அந்தக் குருக்கள் பத்து நாளா இழுத்துகினு கெடந்தாரே, அது ஊருக்கே தெரியாதா? எம்புள்ள குறி சொல்லலடா, பயந்துகினு கெடக்குது!" அடிச்சேன். அகப்பட்டவன் முதுகு, அகப்படாதவன் தட்டு. ஜோதியம்மா தலைமேலயும் ஒண்ணு விழுந்தது. "நாத்தனாருனு கூட பாக்க மாட்டேன், எம்புள்ளைய வெச்சு தட்டு வெக்க வந்தீங்கன்னா கொன்னுடுவேன்"னு தொண்டை கிழியக் கத்தினேன். கத்திக் கத்தித் தெருவைக் காலி பண்ணினேன். அன்னிக்கு என் கத்தல் மலைமேல இருக்கிற கொரங்குக்குக்கூடக் கேட்டிருக்கும்.

அதுக்கப்புறம் மூணு நாள் நீலா வாயே திறக்கல. சாயங்காலம் நிழல் வரும், போவும், அவ குதிரோரத்துலயே ஒக்காந்திருப்பா. நான் கிட்டப் போனா இன்னும் உள்ள நகந்துக்குவா. கூட்டத்தைப் பாத்த பயம் தெளியலனு நெனைச்சேன். நாலாவது நாள் நிழல் கூடத்துக்கு வந்தப்ப, குதிருக்குப் பின்னாலேர்ந்து என் குரல் கேட்டது.

"விடிஞ்சுடுச்சு. அப்பா எழுப்புவாரு. அப்பா மூஞ்சி கழுவி வுடுவாரு. அப்பா கஞ்சி ஊத்துவாரு. சாயரட்சை மணி அடிக்கும், இருபது எண்றதுக்குள்ள நின்னுடும். அப்பா பாய் போடுவாரு."

நான் முறத்தைக் கீழ வெச்சேன். "அம்மா எங்கடி?"ன்னேன். அவ மொதல்லேர்ந்து ஆரம்பிச்சா. விடிஞ்சுடுச்சு, அப்பா எழுப்புவாரு. மூணு தரம் சொன்னா. மூணு தரத்துலயும் அம்மா இல்ல. "அம்மா கஞ்சி ஊத்துவானு சொல்லுடி"ன்னு நான் எடுத்துக் குடுத்தேன். காதைப் பொத்திகினு ஒரு அலறு அலறினா.

பால் இல்லன்னா, பால் இல்ல. வண்டி இல்லன்னா, வண்டி இல்ல. மணி இல்லன்னா, மணி இல்ல. இப்ப அம்மா இல்ல. சிரிக்காதீங்க. நாலு நாளுக்கு முன்னாடி ஊரையே தொடப்பத்தால அடிச்ச அதே ராணிதான், அந்தச் செவுத்தோரமா நின்னுகினு, நாளைக்கு நான் சாவப்போறேன்னு நம்பிட்டேன். மத்தவன் புருசனைப் பத்திக் குறி கேட்டா மூட நம்பிக்கை. என் உசுருன்னு வந்தா நம்பாம இருக்க முடியலங்க.

சாவறதுக்குக்கூட எனக்கு ஒண்ணுமில்ல. நான் போய்ட்டா எம்புள்ளைக்கு நாளைச் சொல்றது யாரு? இந்த மனுசனுக்குக் கஞ்சி எந்தச் சூட்டுல ஊத்தணும்னு தெரியுமா? ஒரே மாசம், திரும்பவும் செவுத்துல மோத ஆரம்பிச்சுடுவா. அப்புறம் ஜோதியம்மா வந்து இட்டுகினு போய் கிரிவலப் பாதையில ஒக்காரவெச்சு, நெத்தியில பட்டையைப் போட்டு, முன்னால தட்டை வெச்சுடுவாங்க. சங்கு ஊதுவானுங்க. எம்புள்ள தன் கையைத் தின்னே தீத்துடும். அதை நெனைச்சப்பதான் எனக்கு அழுகை வந்தது.

அழுதுகினு இருக்க நேரம் இல்ல. எங்க ஊட்டுக்காரரு வந்ததும் லாயத்துக்கு இட்டுகினு போய் விசயத்தைச் சொன்னேன். அவரு மூஞ்சியில ரத்தமே இல்ல. "அக்காவைக் கூப்பிட்டு ஏதாச்சும் கழிப்பு கழிக்கலாமா"ன்னாரு. "உங்க அக்கா பேச்சை எடுத்தீங்கன்னா நான் இன்னிக்கே செத்துடுவேன். நான் சொல்றதைக் காதுல வாங்குங்க"ன்னேன். மூணு வருசத்துல நான் கத்துகினதை வெளக்கேத்தறதுக்குள்ள அவருக்குச் சொல்லியாவணும்.

கஞ்சியை வெரலை வுட்டுப் பாத்து வெதவெதனு ஊத்தணும், தரையில பாத்திரத்தை வெக்கறதுக்கு முன்னாடி வெக்கப்போறேன்னு சொல்லணும், ஒரு வார்த்தையைக் கூட மாத்தக்கூடாதுனு அடுக்கிகினே போனேன். மனுசன் பேந்தப் பேந்த முழிக்கிறாரு. எனக்குப் பொறுமை போச்சு. "யோவ், குதிரைக்குப் பின்னால போவும்போது நீ இன்னா பண்ணுவ?"ன்னேன்.

"ஹோ ஹோனு கொரல் குடுத்துகினே போவேன். இல்லன்னா மெரண்டு ஒதைச்சுடும்."

"அதேதான்யா. நீ நல்லவனா கெட்டவனானு குதிரை பாக்காது, சொல்லிட்டு வந்தியானுதான் பாக்கும். இவளும் அப்படித்தான்."

அவரு குதிரை கழுத்துல கையை வெச்சாரு. "அடிப்பாவி, இதை மொதல்லயே இப்படிச் சொல்லியிருக்கக்கூடாதா"ன்னாரு. கண்ணெல்லாம் தண்ணி. அப்புறம் ஒவ்வொண்ணா அவரே கேட்டாரு, எந்தத் துண்டு, எந்தப் பக்கம் ஒக்காரணும், மணிக்கு ஒரக்க எண்ணணுமா மெதுவா எண்ணணுமானு. கல்யாணம் ஆன நாளா அவரு எங்கிட்ட அவ்ளோ பேச்சு பேசினதில்ல.

மறுநாள் விடியறதுக்கு முன்னாடி தலைக்குத் தண்ணி ஊத்திகினு, மஞ்ச பூசி, கூறைப்புடவையைக் கட்டிகினு லாயத்துல போய் ஒக்காந்தேன். கூடத்துல அவ கண்ணெதிர விழுந்து சாவக்கூடாது. சாவு சொல்லிட்டு வராது, சொல்லாம வர்றது எதுவும் எம்புள்ளைக்கு ஆவாது. லாயத்துக்கும் கூடத்துக்கும் நடுவுல ஒரு மண்செவுருதான். காதை வெச்சா எல்லாம் கேக்கும்.

கேட்டுகினே இருந்தேன். அவரு நாளைச் சொன்னாரு, ஒரு வார்த்தை பெசகல. நீலா திருப்பிச் சொன்னா, என் குரல்ல. மூஞ்சி கழுவற சத்தம் வந்தது. கஞ்சி உறிஞ்சற சத்தம் வந்தது. அவரு "இப்ப சொம்பை வெக்கப்போறேன் நீலா"னு சொல்றதும், சொம்பு வெக்கிற சத்தமும் வந்தது. அழுகை இல்ல. எனக்கு மாரு நெறைஞ்சுடுச்சு, போதும்டா சாமி, இனிமே வந்து எடுத்துக்கோனு மலையைப் பாத்துக் கும்பிட்டேன். மத்தியானம் போல அவ திரும்பவும் நாளைச் சொல்றது கேட்டது. அப்ப அது என் குரல் இல்ல. அவுங்க அப்பா குரல். கட்டையா, மெதுவா, அப்படியே அவரு. என் குரல் அந்த ஊட்டை வுட்டுப் போயிடுச்சு. சாவே இனிமேதான்னு இருந்தவளுக்கு, சாவு பாதி வந்துட்ட மாதிரி இருந்தது. வயித்தெரிச்சலாவும் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

நிழல் கொல்லைக்கு வந்தது. சாயரட்சை மணி அடிச்சது. ரெண்டு கட்டைக் குரலும் சேந்து எண்ணுச்சு, இருபது வர்றதுக்குள்ள நின்னுடுச்சு. நான் நாடியைப் புடிச்சுப் பாத்தேன், குதிரை மாதிரி ஓடுது. ஒரு மயக்கம் இல்ல, ஒரு வலி இல்ல, பசிதான் கொடலைப் புடுங்குது. வெளக்கேத்தற நேரமும் ஆச்சு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அட லூசு முண்டமே, நல்லா ஏமாந்தடினு என்னையே திட்டிகினு, எழுந்து, வைக்கோலைத் தட்டிகினு, எம்புள்ளையப் பாக்கற சந்தோசத்துல கூடத்துக்குள்ள ஓடினேன். "நீலா!"ன்னேன்.

அவ திரும்பினா. அந்த மூஞ்சியை நான் சாவற வரைக்கும் மறக்க மாட்டேன். திருவிழா வெடிக்கு வெக்கிற மூஞ்சி. சங்குக்கு வெச்ச மூஞ்சி. என்னைப் பாத்துதாங்க, பெத்தவளைப் பாத்து, காதைப் பொத்திகினு அலறிகினே பின்னால போறா. செவுத்துல தலை மோதற சத்தம் கேட்டது, ஒண்ணு, ரெண்டு. நான் புடிக்கப் போனேன், இன்னும் அலறினா. எங்க ஊட்டுக்காரரு குறுக்க பூந்து என்னைத் தள்ளினாரு. "வெளிய போ ராணி! நாள்ல நீ இல்ல! சொல்லாம வந்துட்ட!"

தெருவுல வந்து நின்னேன். உள்ள அவரு எண்றது கேட்டது. எண்பது, தொண்ணூறு, நூறுனு போச்சு. அப்புறம்தான் அடங்குச்சு. பக்கத்து ஊட்டு சந்திரம்மா வந்து என்னைத் தன் ஊட்டுக்கு இட்டுகினு போனா. கொஞ்ச நேரம் கழிச்சு அவரு வந்தாரு, சட்டையெல்லாம் அவ எச்சில். எதிர்ல ஒக்காந்து கீழயே பாத்துகினு சொன்னாரு: "எந்த எடத்துல மெரண்டுச்சோ, குதிரை அந்த எடத்தைப் பாக்காது ராணி. அந்த எடமே இல்லாத மாதிரி தலையைத் திருப்பிகினு போவும். அன்னிக்கு நீ தொடப்பத்தை எடுத்துகினு கத்தினப்ப, நீலா கூட்டத்தைப் பாக்கல. நான் பாத்துகினுதான் இருந்தேன். அது உன்னைப் பாத்துகினு இருந்துச்சு."

நான் வெரலை மடக்கி எண்ணினேன். பால், ஜட்கா, மணி. மூணும் அவளுக்கு ஆவாதது. அடக்கடவுளே, அது குறியே இல்ல. நடக்கும்னு சொல்லல எம்புள்ள, வேணாம்னு கெஞ்சிகினு இருந்திருக்குது. பால் பொங்க வேணாம், வண்டி போவ வேணாம், மணி அடிக்க வேணாம். சொல்லிட்டு வந்தாலும் அது பொறுத்துகினுதான் இருந்திருக்குதே தவிர, பயம் போவல. பொறுக்க முடியாம போனதும் ஒவ்வொண்ணா எடுத்துப் போட்டிருக்குது. ஊரெல்லாம் எம்புள்ளை பேச்சைத் தப்பா எடுத்துகினாங்கனு அடிச்சேன். நானே தப்பா எடுத்துகினு கூறைப்புடவை கட்டிகினு ஒக்காந்திருந்தேன். அம்மா இல்லாத நாள்தான் அதுக்குப் பயம் இல்லாத நாள். அவ்ளோதான் விசயம்.

இன்னொண்ணும் சொல்லிடறேன், மனசுல வெச்சுகினு இருக்க முடியல. அது வேணாம்னதெல்லாம் நின்னுச்சே. தற்செயல்தான், நானே சொன்னேன். ஆனா மணியை நிறுத்த ஒரு உசுரு போச்சு. அப்ப நான் மட்டும் எப்படி மிச்சம்? சந்திரம்மா ஊட்டுத் தரையில ஒக்காந்துகினு மலையையே பாத்துகினு இருந்தேன். அது பேசாம கறுப்பா நின்னுகினு இருந்துச்சு.

காலையில எங்க ஊட்டுக்காரருகிட்ட சொன்னேன்: "நாளைச் சொல்லும்போது, 'வாசல்ல அம்மா நிப்பா, சத்தம் போட மாட்டா'ன்னு சேத்துச் சொல்லுங்க." சொன்னாரு. நீலா அந்த எடத்தை மட்டும் வுட்டுட்டு மத்ததைத் திருப்பிச் சொன்னா. ஆனா அலறல. நான் எங்க ஊட்டு வாசல்ல, படிக்குக் கீழ, தெருவுல நின்னேன். பொழுதனைக்கும் நின்னேன். தண்ணிக்குப் போறவளுங்க, "இன்னா ராணியம்மா, ஊட்டுக்காரன் தொரத்திட்டானா"னு கேட்டாளுங்க. வேற நாளா இருந்தா அவளுங்க ஏழு தலைமுறையை இழுத்திருப்பேன். பல்லைக் கடிச்சுகினு நின்னேன். ஜோதியம்மா வந்து பாத்துட்டு, "உனக்கு வேணும்டி"ன்னாங்க. அதுக்கும் வாயைத் திறக்கல.

ரெண்டாவது நாளும் நின்னேன், மழை வேற. மூணாவது நாள் உள்ளேர்ந்து நீலாவோட கட்டைக் குரல் சொல்லிகினு வந்து, அந்த எடத்துல நின்னுது. அப்புறம் சொல்லுச்சு: "வாசல்ல அம்மா நிப்பா. சத்தம் போட மாட்டா." அவுங்க அப்பா குரல்லதான் சொல்லுச்சு. சொன்னதே போதும்னு முந்தானையால வாயைப் பொத்திகினு அழுதேன், சத்தம் வராம.

ஏழாவது நாள் சாயங்காலம் அவரு வாசலுக்கு வந்து தலையை ஆட்டினாரு. "நாளைச் சொல்லும்போது 'அம்மா உள்ள வருவா'னு அதுவே சேத்துகினு சொல்லுச்சு ராணி. நான் சொல்லித் தரல." வாசப்படியில நின்னுகினு, மூச்சை வுட்டு, மெதுவா சொன்னேன்: "நீலா, அம்மா இப்ப வலது காலை உள்ள வெக்கப்போறேன்." வெச்சேன். "இப்ப இடது காலு." வெச்சேன். அவ எனக்கு முதுகைக் காட்டிகினு செவுத்தைப் பாத்து ஒக்காந்திருந்தா. தோள் மேல ஏறுது, எறங்குது. மூணு அடி தள்ளி நின்னுட்டேன். அதுக்கு மேல இன்னா பண்றதுனு எனக்குத் தெரியல, எதைச் சொல்றதுனும் தெரியல. கூடம் இருட்டிகினு வருது.

செவுத்தைப் பாத்துகினே நீலா வாயைத் திறந்தா. என் குரலும் இல்ல, அவுங்க அப்பா குரலும் இல்ல. சின்னதா, கீச்சுனு, நான் அதுவரைக்கும் கேட்டே இராத ஒரு குரல்.

"இப்ப அம்மா ஒக்காருவா."

ஒக்காந்தேன்.